காலி நாற்காலிக்கு முதல் வரிசை

மார்ச் 4, செவ்வாய்

அம்மாவின் இடுப்பு அறுவை சிகிச்சைக்காக எடுத்த விடுப்பு முடிந்து இன்று வேலைக்குத் திரும்பினேன். என் பக்கத்து நாற்காலி காலி. பங்காளி கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்திருந்தான். கதவில் புதுப் பலகை: நெட்வொர்க் மேலாளர்.

எட்டு வருஷம் ஒரே மேஜை, ஒரே சார்ஜர். ஒரு டீயை இரண்டு கப்பில் ஊற்றிக் குடித்தவர்கள். எதிலும் பாதி என்பதால் நான்தான் அவனுக்குப் பங்காளி என்று பேர் வைத்தேன். வைத்த வாயைக் கழுவ வேண்டும்.

நான் ஆஸ்பத்திரியில் இருந்தபோது அவன் தலைமை அலுவலகத்துக்குப் போய் ஒரு திட்டத்தை விளக்கியிருக்கிறான். எந்தத் திட்டம்? என் திட்டம். திட்டப் படத்தில் நான் போட்ட கத்தரிப்பூ நிறக் கட்டங்கள்கூட அப்படியே இருக்கின்றன. நிறத்தையாவது மாற்றியிருக்கலாம், சோம்பேறி.

போய்க் கேட்டேன். "நீ லீவுல இருந்த. யாராவது ஒருத்தர் பேசித்தானே ஆகணும்? முதல்ல அம்மாவைப் பாத்துக்கோ" என்றான். கரிசனமாம்.

மார்ச் 5, புதன்

மூன்றாம் மாடி அக்கா சொன்னாள். போனில் பதில் சொல்லும் நர்ஸ்களுக்கெல்லாம் அவள்தான் மேற்பார்வை. அவளுக்குத் தெரியாமல் இந்தக் கட்டடத்தில் பல்லிகூட நகராது. பங்காளி தலைமை அலுவலக மேடத்திடம் என்னைப் பற்றி இப்படிச் சொன்னானாம்: நல்ல கைவேலைக்காரி, ஆனால் வீட்டில் இப்படி ஒரு நிலைமை, அவள் மேல் பொறுப்பைச் சுமத்த முடியாது.

கைவேலைக்காரி.

மார்ச் 11, செவ்வாய்

ஒரு வாரமாக அந்த ஒரு சொல்லையே மென்றுகொண்டிருக்கிறேன். இன்று உட்கார்ந்து எழுதிவிடுகிறேன், என் கை என்ன வேலை செய்தது என்று. வேறு யாரும் எழுதப்போவதில்லை.

காய்ச்சல், காயம், மருந்து அளவு என்று ஜனங்கள் போன் போட்டுக் கேட்கிற மையம் இது. போன், மெயில், கோப்பு, மீட்டிங் வீடியோ எல்லாமே ஒரே இணைய இணைப்பில்தான் போக வேண்டும். காலை பத்து மணிக்கு மேல் மதியம் வரை அது நிரம்பி வழியும். இரண்டு வருஷத்துக்கு முன்பு, கணக்குப் பிரிவில் யாராவது ஒரு பெரிய கோப்பை இறக்கினால் நர்ஸின் குரல் துண்டு துண்டாகப் போகும். பெரிய இணைப்பு வாங்க மாட்டோம் என்று மேலே கையை விரித்துவிட்டார்கள்.

இருக்கிற இணைப்பில் யார் முன்னே போவது, யார் பின்னே என்று நான் பிரித்தேன். இணைப்பில் எல்லாமே துண்டு துண்டாகத்தான் போகும்; ஒவ்வொரு துண்டின் தலையிலும் ஒரு குறி. குரலுக்கு முதல் வரிசை: அது மெலிந்தது, கொஞ்ச இடம் போதும், ஆனால் காத்திருக்கத் தெரியாது. அடுத்தது நோயாளி விவரம். பிறகு வீடியோ. பிறகு மெயில். எப்போது போனாலும் பரவாயில்லை என்கிற சாமான்களுக்குக் கடைசி வரிசை. முதல் வரிசையில் கண்டதும் புகுந்துவிடாமல் வாசலுக்கும் ஓர் அளவு வைத்தேன். அன்றிலிருந்து ஒரு நர்ஸின் குரல்கூட உடைந்ததில்லை.

இதைத்தான் அவன் கொண்டுபோய் விற்றான்.

ஆனால் ரவுட்டருக்குள் போக அவனுக்கு இன்னும் என் தயவு வேண்டும். பழைய கட்டளைகளோடு நின்றுவிட்டவன். யார் முன்னே, யார் பின்னே என்று வைக்கிற கை இன்னும் கைவேலைக்காரியின் கைதான்.

மார்ச் 13, வியாழன்

செய்துவிட்டேன். ஒரே ஒரு வரி. பங்காளியின் கணினியும் போனும் இனிமேல் கடைசி வரிசை.

இதில் உள்ள அழகு என்னவென்றால், இணைப்பில் இடம் இருக்கும்போது ஒன்றும் தெரியாது. நிரம்பும்போதுதான் அடி விழும். நிரம்புவது பத்து மணிக்கு மேல். அவனுக்குத் தலைமை அலுவலகத்தோடு மீட்டிங்கும் அப்போதுதான். மத்தியானம் யார் சோதித்துப் பார்த்தாலும் எல்லாம் பழுதில்லாமல் இருக்கும்.

மார்ச் 14, வெள்ளி

திரையில் பங்காளி உறைந்து நின்றான். வாய் பாதி திறந்து, ஒரு கண் மூடி, ஏதோ தும்மப் போகிறவன் மாதிரி. முக்கியமான ஏதோ ஒன்றை ஆரம்பித்தான் — "இந்த வருஷம் நாம" — அவ்வளவுதான், நாம அங்கேயே நின்றோம். மேடம் பொறுமையாகக் காத்திருந்தார். நான் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு இருமினேன்.

பழி இனிக்கும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இவ்வளவு இனிக்கும் என்று யாரும் சொல்லவில்லை.

மார்ச் 20, வியாழன்

கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டான். முகம் வாடியிருந்தது. நான் டாக்டர் மாதிரி எல்லாவற்றையும் தட்டிப் பார்த்தேன். கேபிளை மாற்றினேன், ஹெட்செட்டை மாற்றினேன், உதட்டைப் பிதுக்கினேன். கேமராதான் மோசம் என்று நினைத்து அவனே பெரிதாக ஒன்று வாங்கப் போகிறானாம். தாராளமாக வாங்கட்டும்.

"என் மீட்டிங்கை எல்லாத்துக்கும் முன்னாடி வெச்சிடேன். நீ நினைச்சா முடியும்ல" என்றான்.

முடியாது, வீடியோ தடித்தது, குரலோடு அதைச் சேர்க்கக் கூடாது என்றேன். அவன் தலையை ஆட்டினான். புரியவில்லை! தன்னுடையது என்று சொல்லி விளக்கிய திட்டத்தில் முதல் விதி அதுதான், அது அவனுக்குப் புரியவில்லை. வெளியே வரும்போது கால் தரையில் படவில்லை எனக்கு.

மார்ச் 27, வியாழன்

மாடிகளில் அவனுக்கு 'ஹலோ' என்று பேர் விழுந்துவிட்டது. போனை எடுத்தால் அதைத்தான் நாலு தடவை சொல்கிறானாம்.

இன்றைய மீட்டிங்கில் மேடம் சலித்துப்போய், அவருக்குப் பதிலா வேற யாராவது விளக்குங்க என்றார். நான் விளக்கினேன். அந்தக் கத்தரிப்பூக் கட்டங்களை ஒவ்வொன்றாக. மேடம் கவனித்துக் கேட்டார். "நல்லா இருக்கு. இதுல நீங்க எந்தப் பகுதி செஞ்சீங்க?"

அவன் திரையில் உறைந்திருந்தான். ஒரு வார்த்தை கேட்காது அவனுக்கு. என் வாய் என்ன சொன்னது தெரியுமா? "எல்லாரும் சேர்ந்துதான் மேடம்."

எதுக்குடி அப்படிச் சொன்ன? யாரு கேட்டா உன் பெருந்தன்மையை? வீடு வரைக்கும் பஸ்ஸில் என்னை நானே திட்டிக்கொண்டு வந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டார்.

ஏப்ரல் 2, புதன்

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். யாரிடமாவது சொல்லாவிட்டால் வெடித்துவிடுவேன் போலிருந்தது. அம்மா நடை பழகும் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நடுக்கூடத்தில் நின்றபடி முழுக்கக் கேட்டாள். வேண்டாம்மா, பாவம் என்பாள் என்று நினைத்தேன்.

"ரொம்ப லேசா விட்டிருக்கியே. இன்னும் கொஞ்சம் இறுக்க முடியாதா?" என்றாள்.

பெற்றவள் பெற்றவள்தான். பெரியப்பா வீட்டம்மாவிடம் பேசாமலே இருபது வருஷத்தைத் தள்ளியவளுக்கு இதெல்லாம் சில்லறை.

ஏப்ரல் 4, வெள்ளி

சாயங்காலம் நான் கதவைத் திறந்ததும் அம்மாவின் முதல் கேள்வி, இன்னைக்கு எத்தனை தடவை திக்கினான் என்பது. வலியையே மறந்துவிட்டாள். மருந்து மாதிரி வேலை செய்கிறது.

ஏப்ரல் 10, வியாழன்

பங்காளி போனை எடுப்பதையே நிறுத்திவிட்டான். வேண்டியதை நேரில் போய்க் கேட்கிறான். படி ஏறி இறங்கி வியர்த்துப்போய்த் திரிகிறான். நன்றாக வேண்டும்.

ஏப்ரல் 17, வியாழன்

இது நான் நினைத்த மாதிரி போகவில்லை.

மூன்றாம் மாடி அக்கா வந்தாள். ஏதோ நல்ல சேதி சொல்பவள் மாதிரி முகம். "உன் பங்காளி தினம் மேல வந்து உக்காந்துக்கறாம்மா. ஒரு நர்ஸோட ஹெட்செட்டை வாங்கி மாட்டிக்கிட்டு சும்மா கேக்கறான். நாங்க மூணு வருஷமா கத்தின உடைஞ்ச நாற்காலிங்க, நாலே நாள்ல மாத்திட்டான். நாங்கதான் அவனைத் தப்பா நினைச்சிட்டோம்."

ஹலோ என்ற பேர் போய்விட்டதாம். இப்போது 'தம்பி'யாம்.

கண்ணாடி அறையிலேயே அடைந்து கிடந்து நாலு மாடியின் வெறுப்பையும் வாங்கிக்கொண்டிருந்தவன். அவனை நான் என் கையாலேயே எழுப்பி நடக்க விட்டிருக்கிறேன். என்ன சொல்ல.

ஏப்ரல் 22, செவ்வாய்

மேடத்தின் பாராட்டு மெயில். களத்தில் இறங்கி வேலை செய்யும் மேலாளர் என்று. எல்லாருக்கும் அனுப்பியிருக்கிறார். எனக்கும்.

ரெண்டு தடவை படிச்சேன்.

ஏப்ரல் 23, புதன்

யோசித்துவிட்டேன். அவனை மறுபடி அறைக்குள் உட்கார வைக்க வேண்டும். எதற்காக எழுந்தான்? போனும் மீட்டிங்கும் வேலை செய்யவில்லை என்று எழுந்தான். வேலை செய்தால் உட்கார்ந்துவிடுவான். படம் பளிங்கு மாதிரி தெரிந்தால் மேடத்தின் முகத்தைப் பார்த்துக்கொண்டே நாற்காலியில் ஒட்டிக்கொள்வான். மாடிகள் மறுபடி அவனை வெறுக்கும்.

கடைசி வரிசையிலிருந்து தூக்கி முதல் வரிசையில் வைத்துவிட்டேன். நடு வரிசை இல்லை, முதலாவது. அவன்தானே கேட்டான், எல்லாத்துக்கும் முன்னாடி வை என்று?

குரலோடு வீடியோவைச் சேர்க்கக் கூடாது என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் ஒரே ஓர் ஆள். வாசலில் இன்னும் கொஞ்சம் இடம் இருக்கிறது. காலை முழுக்கப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எதுவும் உடையவில்லை.

அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. சத்துருவுக்கு யாராவது சிம்மாசனம் போடுவார்களா என்கிறாள். பொறுத்திருந்து பார் என்றேன்.

ஏப்ரல் 29, செவ்வாய்

படம் பளிங்குதான். "நீ ஒரு மாயக்காரி" என்றான். சொல்லிவிட்டுப் படியேறி மூன்றாம் மாடிக்குப் போய்விட்டான்.

அவனுக்கு அங்கே உட்காருவது பிடித்துவிட்டது. இனி என்ன செய்தாலும் இறங்க மாட்டான் போலிருக்கிறது.

மே 7, புதன்

நடந்ததை ஒவ்வொன்றாக எழுதுகிறேன்.

காலை பதினொரு மணி வாக்கில் அவன் மேலிருந்து ஓடி வந்தான். நடந்து இல்லை, ஓடி. என் மேஜையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினான்.

"குரல் உடையுது. மூணாம் மாடி முழுக்க."

உடையாது என்றேன்.

"உடையாதுன்னு எனக்கும் தெரியும். உன் வேலை உடையாது. ஆனா உடையுது. நான் காதால கேட்டேன்."

முதல் வரிசையைத் திறந்து பார்த்தேன். வாசல் பிதுங்கிக்கொண்டிருந்தது. உள்ளே போக முடியாமல் குரல் துண்டுகள் கொத்துக் கொத்தாக விழுந்துகொண்டிருந்தன. அடைத்துக்கொண்டு நின்றது ஒரே ஒரு வீடியோ. கண்ணாடி அறையிலிருந்து. இன்று தலைமை அலுவலகத்தில் நாள் முழுக்கப் பயிற்சி வகுப்பு. அவன் அதில் சேர்ந்து, கேமராவைத் திறந்து வைத்துவிட்டு, எழுந்து மேலே போய்விட்டான். அந்தப் புதுக் கேமரா பழையதைப் போல நாலு மடங்கு அனுப்பும். அதை இன்றுதான் முதல் தடவையாகத் திறந்திருக்கிறான். அப்படி ஒன்று வாங்கியதையே நான் மறந்துபோனேன்.

நர்ஸ்களின் குரலையெல்லாம் தள்ளிவிட்டு முதல் வரிசையில் போய்க்கொண்டிருந்தது ஒரு காலி நாற்காலியின் படம்.

வரியை எடுத்தேன். ஒரு நொடியில் எல்லாம் சரியானது. என்ன ஆச்சு என்று கேட்டான். ஒரு வரி தப்பாக இருந்தது என்றேன். மேற்கொண்டு கேட்கவில்லை, மறுபடி மேலே ஓடினான்.

பிறகு அக்காதான் சொன்னாள். காய்ச்சல் குழந்தையின் தாய் ஒருத்தி போனில் இருந்திருக்கிறாள். நர்ஸ் சொன்னது: ஒரு மூடி வேண்டாம், அரை மூடி கொடுங்கள். தாய்க்குக் கேட்டது: ஒரு மூடி கொடுங்கள். சரி என்று வைத்துவிட்டாள். நர்ஸும் அடுத்த அழைப்புக்குப் போய்விட்டார். பக்கத்தில் ஹெட்செட்டோடு உட்கார்ந்திருந்த பங்காளிதான், நடுவில் ஏதோ விட்டுப்போச்சு, திரும்பக் கூப்பிடுங்க என்று வற்புறுத்தியிருக்கிறான். கூப்பிட்டபோது தாய் மருந்தை மூடி நிறைய ஊற்றிக் கையில் வைத்திருந்தாளாம்.

மே 8, வியாழன்

ஒன்று தோன்றியது. அவன் அங்கே உட்கார்ந்திருந்ததால்தான் பிடித்தான். அவனை அங்கே உட்கார வைத்தது யார்? அப்படியென்றால் அந்தக் குழந்தையை —

சீ. என்ன புத்தி இது எனக்கு.

மே 9, வெள்ளி

அம்மாவிடம் சொன்னேன். குழந்தை நல்லா இருக்கில்ல என்று கேட்டாள். இருக்கிறது என்றேன். தினமும் கேட்பவள், பங்காளியைப் பற்றி இன்று ஒன்றும் கேட்கவில்லை.

மே 12, திங்கள்

பங்காளி மேலே அனுப்பிய அறிக்கை எனக்கும் வந்தது. என்ன நடந்தது, எவ்வளவு நேரம், எல்லாம் சரியாக எழுதியிருக்கிறான். முதல் பக்கத்தில், கொட்டை எழுத்தில்: இந்த முன்னுரிமைத் திட்டத்தை வடிவமைத்தவர் — என் பேர்.

எட்டு வருஷத்தில் முதல் தடவை. எழுத்துப் பிழைகூட இல்லாமல் என் பேர்! வேலை செய்தபோது அவனுடையது. உடைந்ததும் என்னுடையது.

போன வாரம் முழுக்க அவனைப் பார்க்கவே கூசிக்கொண்டிருந்தேன். அந்தக் கூச்சமெல்லாம் ஒரே நொடியில் போய்விட்டது. வா பங்காளி, புதன்கிழமை மீட்டிங்கில் பார்க்கலாம்.

மே 14, புதன்

மேடம் நேரிலேயே வந்திருந்தார். நீள மேஜை, இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவன்.

என்ன நடந்தது என்று என்னைக் கேட்டார். மேலாளரின் வீடியோ முதல் வரிசையில் இருந்தது, அதனால் குரலுக்கு இடமில்லாமல் போனது என்றேன். யார் வைத்தது? நான்தான் வைத்தேன் மேடம். ஏன்? மேலாளர் எல்லாத்துக்கும் முன்னாடி வைக்கச் சொன்னார்.

ஒவ்வொரு சொல்லும் உண்மை. எப்போது சொன்னான், எப்போது வைத்தேன், எதற்கு வைத்தேன் — அதெல்லாம் யாரும் கேட்கவில்லை.

மேடம் அவனைப் பார்த்தார். "சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"குரல் வரிசையில வீடியோ போகக் கூடாதுன்னு பிப்ரவரியில எனக்குச் சொன்னதே நீங்கதானே?"

மேடம் அறிக்கையைப் புரட்டினார். "அப்போ இது உங்க திட்டம். இப்போ உடைஞ்சதும் அவங்க திட்டம், இல்லையா?"

இந்த ஒரு கேள்விக்காக இரண்டரை மாதம் காத்திருந்தேன். அவன் முகம் எப்படிப் போகிறது என்று பார்க்க நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டேன். அவன் குனிந்து மேஜையைப் பார்த்தான். இந்தத் தடவை இணைப்பு நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் உறைந்திருந்தான்.

"எப்பவுமே அவங்க திட்டம்தான் மேடம்" என்றான். "எனக்கு அது முழுசாப் புரியவும் இல்லை."

ஜெயித்துவிட்டேன். அப்புறம் ஏன் இப்படி இருக்கிறது?

மே 15, வியாழன்

நெட்வொர்க் பொறுப்பு இனி எனக்கு. என் பேரிலும் ஓர் எச்சரிக்கை, யார் சொன்னாலும் ஆபத்தான மாற்றம் செய்யக் கூடாது என்று. நியாயம்தான். அவனை மூன்றாம் மாடிக்கு மாற்றிவிட்டார்கள், அழைப்புகளின் தரத்தைப் பார்த்துக்கொள்ள. தண்டனையாம். அக்கா சொல்கிறாள், மேலே நர்ஸ்கள் இனிப்புக் கொடுத்தார்களாம்.

அட்டைப்பெட்டியில் சாமான்களைத் தூக்கிக்கொண்டு என் மேஜைப் பக்கம் வந்தான்.

"மார்ச் மாசம் என் போன்ல குரல் உடைஞ்சுதே. அது பழுது இல்லை, இல்ல?"

"இல்லை."

"சரி" என்றான். பெட்டியை மறு கைக்கு மாற்றிக்கொண்டு படியேறிப் போனான்.

மே 23, வெள்ளி

அவன் யாரிடமும் சொல்லவில்லை. ஒவ்வொரு நாளும் மேடத்திடமிருந்து அழைப்பு வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. இப்போது நான் அவனுக்கு நன்றிக்கடன் பட்டிருக்கிறேன். இதைவிடப் பெரிதாக என்னைப் பழிவாங்க அவனால் முடிந்திருக்காது. தெரிந்துதான் செய்கிறானா? கேட்க மாட்டேன்.

ஜூன் 3, செவ்வாய்

கண்ணாடி அறை இப்போது எனக்கு. கதவை மூடினால் வெளிச் சத்தம் எதுவும் கேட்பதில்லை. அம்மா நடை பழகும் சட்டம் இல்லாமல் வாசல் வரை நடந்தாள்.

ஜூன் 12, வியாழன்

மூன்றாம் மாடியில் புது இருக்கைகள் போட்டிருக்கிறார்கள். ஆள் அனுப்பியிருக்கலாம். நானே போனேன். போன்களை ஒவ்வொன்றாக முதல் வரிசையில் சேர்த்தேன். ஓரத்தில் ஒன்று அவனுடையது. அதையும் சேர்த்தேன்.

சோதித்துப் பார்க்கத் திரையில் எண்கள் போதும். அவன் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு ஒரு ஹெட்செட்டை நீட்டினான். நான் அவன் பக்கம் திரும்பவில்லை. ஆனால் வாங்கி மாட்டிக்கொண்டேன்.

இத்தனை வருஷத்தில் ஓர் அழைப்பைக்கூட நான் கேட்டதில்லை.

யாரோ ஒரு பெரியவர். மனைவிக்குத் தலையில் தையல் போட்டிருக்கிறார்களாம், குளிப்பாட்டலாமா என்று கேட்டார். தலையில் தண்ணீர் படாமல் உடம்புக்கு மட்டும் ஊற்றுங்கள், இன்னும் ரெண்டு நாள் போகட்டும் என்றார் நர்ஸ். அவள் தலை சீவிவிடச் சொல்லி அழுகிறாள் என்றார் அவர். தையலைத் தொடாமல், நுனியில் மட்டும், மெதுவாகச் சீவுங்கள் என்றார் நர்ஸ்.

"சரிம்மா. வெச்சிடறேன்."

வைக்கவில்லை. நர்ஸும் வைக்கவில்லை. பேச்சே இல்லை, அவர் மூச்சுவிடுவது மட்டும் கேட்டது, ஓர் இடத்திலும் உடையாமல். பேசாமல் இருக்கும் நேரத்தையும் அந்த வரிசை துண்டு துண்டாகச் சுமந்து கொண்டுவந்து கொடுத்துக்கொண்டிருந்தது.

கீழே எனக்கு மீட்டிங் ஆரம்பித்திருக்கும். நான் எழுந்திருக்கவில்லை.